பாட்டுத்தாளில் உள்ள புள்ளியும் கோடும் யாருக்காக?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் தேவாலயப் பாடகர் குழுக்களைப் பற்றி எழுதியிருந்தார். நான்கு குரலில் (சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ்) பாட வரும் பிள்ளைகளுக்கு லெகாட்டோ (ஒலி அறுபடாமல் பாடுவது), ஸ்டக்காட்டோ (விட்டு விட்டுப் பாடுவது) என்று இத்தாலிச் சொற்களைச் சொல்லிக்கொடுத்து நேரத்தைக் கழிக்கிறார்களே, மெட்டும் வார்த்தையும் தெரிந்தால் போதாதா என்பது அவருடைய கேள்வி. நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருக்கிறார். ஆனாலும் போதாது என்றே நான் சொல்வேன். காரணத்தைக் கொஞ்சம் விரித்து எழுத அனுமதிக்க வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சபையில் கொயரைப் பழக்கி வருகிறேன். எங்கள் குழுவில் கல்லூரிப் பிள்ளைகள் உண்டு, கடை வைத்திருப்பவர்கள் உண்டு, பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் ஸ்வரங்களை எழுதும் முறை, வாசிக்கத் தெரிந்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் சோல்ஃபாவில், அதாவது ஸ்வரங்களை டி, ஆர், எம் என்று ஆங்கில எழுத்துகளால் எழுதும் முறையில், பாடுகிறவர்கள். இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கி ஜான் கர்வன் பரப்பிய அந்த டோனிக் சோல்ஃபா முறை திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துச் சபைகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எந்தக் குரலுக்கான வரியையும் பார்த்தவுடன் பாடிவிடும் பெரியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து எனக்கு எப்போதும் மரியாதைதான்.

முதலில் அந்த வாசகரோடு ஒத்துப்போகும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கீர்த்தனைக்கு இந்தக் குறிகள் தேவையில்லை. கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் போட்டிருக்கும். எங்கே அசைக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது காது வழியாக வந்துவிடும். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியாரின் பாட்டைப் பாடுவதற்கு யாரும் ஸ்டக்காட்டோ படித்துவிட்டு வர வேண்டாம். ஆனால் மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாமாலையை நான்கு குரலில் பாடும்போதும், கிறிஸ்துமஸுக்கு ஆந்தம் என்கிற கொயர் பாட்டை எடுக்கும்போதும் கதை வேறு. முப்பது பேர் ஒரே சொல்லை ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் முடிக்க வேண்டும். அதைக் காதை மட்டும் நம்பிச் செய்ய முடியாது.

ஒரு சின்னப் புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். போன வருஷம் டெனரில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, ஜெராக்ஸ் தாளைக் காட்டி, "டீச்சர், இது அழுக்கா, இல்ல நெசமாவே புள்ளியா?" என்று கேட்டான். அருமையான கேள்வி. ஸ்டாஃப் நொட்டேஷனில் ஒரு ஸ்வரத்துக்குப் பக்கத்தில் புள்ளி இருந்தால் அதன் நேரம் பாதி கூடும். இரண்டு எண்ணிக்கை மூன்றாகும். அதே புள்ளி ஸ்வரத்தின் தலைக்கு மேலேயோ கீழேயோ இருந்தால் நேரம் சுருங்கும், அதுதான் ஸ்டக்காட்டோ. சோல்ஃபாத் தாளில் புள்ளிக்கு மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது. அங்கே அது ஓர் எண்ணிக்கையை இரண்டு பாதியாகப் பிரிக்கும். ஆக, ஒரே புள்ளி மூன்று இடத்தில் மூன்று சொல்கிறது. நம் எழுத்தில் தலையில் புள்ளி ஏறினால் உயிர் போய் மெய் மட்டும் நிற்கிறதே, அந்த அளவுக்கு முக்கியமான புள்ளி இது. காற்புள்ளியும் அப்படித்தான். ஸ்டாஃப் வரிக்கு மேலே இருந்தால் இங்கே மூச்சு எடு என்று அர்த்தம். சோல்ஃபாவில் அது கால் எண்ணிக்கை. எஃப் என்ற எழுத்து சோல்ஃபா வரியில் இருந்தால் ஃபா. வரிக்கு மேலே சாய்வெழுத்தில் இருந்தால் ஃபோர்ட்டே, அதாவது உரத்துப் பாடு. சோல்ஃபாவில் வளர்ந்த பிள்ளைக்கு இதை உட்காரவைத்துச் சொல்லாவிட்டால் அவன் எங்கே போய்த் தெரிந்துகொள்வான்?

சரி, ஸ்டக்காட்டோ என்று தெரிந்துவிட்டது. அடுத்து அதை எப்படிப் பாடுவது? கீபோர்டில் விரலை எடுத்தால் சத்தம் நின்றுவிடும். பாடுகிறவர் தொண்டையை இறுக்கித்தான் சத்தத்தை வெட்டப் பார்ப்பார். எல்லாப் புதியவர்களும் செய்வது அதுதான். நாலு வரி பாடுவதற்குள் தொண்டை கமறும். வெட்ட வேண்டியது தொண்டையில் இல்லை. வயிற்றில் சின்னதாக ஓர் உந்தல், தாடை அசையாமல், மூச்சு நிற்காமல், சத்தம் மட்டும் விட்டு விட்டு வர வேண்டும். கையை மேல்வயிற்றில் வைத்துக்கொண்டு "ஹ, ஹ, ஹ" என்று சொல்லிப் பார்த்தால் எந்த இடம் துள்ளுகிறது என்று தெரியும். எங்கள் பிராக்டிஸில் முதல் பத்து நிமிஷம் இதற்குத்தான்.

தமிழில் பாடும்போது இன்னொரு சிக்கல் உண்டு. நமக்குக் குறிலும் நெடிலும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு அர்த்தம். 'பாடு' என்பதன் மேல் புள்ளியைப் பார்த்ததும் சுருக்கிப் பாடினால் 'படு' என்று கேட்கும். 'காலம்' 'கலம்' ஆகும். மறுபக்கம், ஸ்வரத்தின் மேல் சின்னப் படுக்கைக் கோடு போட்டிருக்கும் டெனூட்டோவை, நன்றாக அழுத்தி முழுசாகப் பிடி என்கிற குறியை, ஒரு குறிலின் மேல் வைத்தால் 'மனம்' 'மானம்' ஆகிவிடும். ஆங்கிலப் பாட்டுக்குப் போட்ட குறியை அப்படியே தமிழ் வார்த்தையின் மேல் இறக்கினால் வரும் கோளாறு இது. அதற்காகக் குறியையே தூக்கி எறிந்தால் பாட்டு மொத்தையாகிவிடும். எந்தச் சொல்லில் நெடில் இருக்கிறதோ அங்கே புள்ளியை மென்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும், சத்தம் சுருங்கினாலும் நெடில் நெடிலாகக் காதில் விழுகிற அளவுக்கு. அல்லேலூயா என்ற சொல்லையே பாருங்கள். ஹாண்டல் இசையமைத்த 'மெசியா'வின் அல்லேலூயா கோரஸில் அது வேகமாக அடுத்தடுத்து வரும் இடங்களில் லே-யும் லூ-வும் நசுங்கி, 'அல்லெலுயா' என்று ஏதோ ஒன்று கேட்கும். வேகம் கெடாமல் அந்த இரண்டு நெடிலையும் காப்பாற்றுவது பழகினால்தான் வரும்.

லெகாட்டோ என்று வரும்போது தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையில் ஒலி அறுபடாமல் பாடுவதுதான் லெகாட்டோ. நம் இலக்கணத்தில் படித்த மூன்று இனத்தை இங்கே நினைத்துக்கொண்டால் போதும். மெல்லினமும் இடையினமும் குரலைத் தாங்கும். ம், ன், ல், ள், ழ் இவற்றின் மேல் சுருதியை நிறுத்திக் காட்ட முடியும். வல்லினம் தாங்காது. க், த், ப் மெய்யாக நிற்கும் இடத்தில் ஒலி ஒரு கணம் அடைபட்டே தீரும். ஆகவே லெகாட்டோ வரியில் 'அன்பு', 'எல்லாம்', 'வானம்' போன்ற சொற்களில் மெய்யெழுத்தின் மேல் குரலை நகர்த்திக்கொண்டு போகலாம். 'பக்தி', 'சத்தம்' போன்ற சொற்களில் அடைப்பை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று பார்க்க வேண்டும். ஆல்டோ வரிசையில் உள்ள என் பிள்ளைகளுக்கு இதைச் சொன்ன அன்றைக்கே வித்தியாசம் கேட்டது. இத்தாலிச் சொல்லைவிட 'இடையினத்தில் நில்லு' என்பது அவர்களுக்கு உடனே பிடிபட்டது.

தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. அதனால் நம் நாக்குக்கு அப்படி முடிக்கும் பழக்கமே கிடையாது. ஆங்கிலத்தில் 'லார்ட்' என்று நீட்டிப் பிடித்து முடிக்க வேண்டிய இடத்தில் முப்பது வாயிலிருந்தும் 'லார்டு' என்று ஓர் உகரம் விழும். 'லைட்' 'லைட்டு' ஆகும். பேச்சில் யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். பெரிய ஆலயத்தில் எல்லோரும் ஒன்றாக நிறுத்தும்போது அந்த உகரம் தனியாக எதிரொலித்துக்கொண்டு நிற்கும். 'லார்ட்ஸ்' என்று முடியும் இடத்திலோ ஸ் சத்தம் பாம்பு மாதிரி சீறும். வழி இருக்கிறது. ட் முழுக்க எல்லோரும் ஒன்றாக, நடத்துபவரின் விரல் மூடும்போது. ஸ் மட்டும் வரிசைக்கு ஒருவர் இருவர் சொன்னால் போதும். எங்கள் குழுவில் பேஸில் நிற்கும் ஓர் அண்ணாச்சிதான் ஸ் சொல்கிறவர். மற்றவர்கள் வாயைத் திறந்தபடியே விட்டுவிடுவார்கள்.

வளைகோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே சுருதியில் உள்ள இரண்டு ஸ்வரங்களைச் சேர்க்கும் வளைகோடு டை. இரண்டாவதைத் திரும்பச் சொல்லக் கூடாது. வேறு வேறு சுருதியைச் சேர்த்தால் அது ஸ்லர். பாடகருக்கு அதன் முதல் அர்த்தம், இத்தனை ஸ்வரமும் ஒரே அசைக்கு என்பது. சோல்ஃபாவில் இதையே ஸ்வரங்களின் அடியில் கோடு இழுத்துக் காட்டுவார்கள். அந்தக் கோட்டைப் பார்க்காதவர் அடுத்த அசையை ஒரு ஸ்வரம் முன்னாலேயே சொல்லிவிடுவார். ஆக்ஸென்ட், மார்க்காட்டோ இரண்டும் அழுத்தக் குறிகள். மெய்யெழுத்தைக் கொஞ்சம் முன்கூட்டியே தயார் செய்து மூச்சோடு விட்டால் அழுத்தம் கிடைக்கும், கத்தினால் கிடைக்காது.

இனி, சத்தத்தின் அளவைச் சொல்லும் குறிகள். பாட்டுத்தாளில் இவை ஸ்டாஃபுக்கு மேலே இருக்கும். கீழே வார்த்தைகள் இருப்பதால் அங்கே இடம் இருக்காது. இதுதான் நம் ஊரில் பெரிய தொல்லை. புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்கும்போது மேல் ஓரம் வெட்டுப்படும். அதோடு சோப்ரானோ வரிக்கு மேலே இருந்த பியானோ (சத்தம் குறைத்துப் பாடு), கிரெஷெண்டோ (சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு) எல்லாம் போய்விடும். வேகத்தைச் சொல்லும் அலெக்ரோ (விரைவாக), அடாஜியோ (நிதானமாக) போன்றவையும் பக்கத்தின் உச்சியில்தான் இருக்கும், அவையும் போய்விடும். அப்புறம் அந்த ஜெராக்ஸிலிருந்து ஒருவர் பேஸ் வரியை மட்டும் நோட்டில் சோல்ஃபாவாக எழுதிக்கொள்வார். அந்த நோட்டை மற்றவர் போனில் படம் பிடிப்பார். கடைசியில் கைக்கு வரும்போது ஸ்வரமும் வார்த்தையும் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். பிள்ளைகள் எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்தில் பாடுகிறார்கள் என்று குறைசொல்கிறோம். அவர்கள் கையில் இருக்கும் தாளில் வேறு எதுவும் எழுதியிருக்கவில்லையே.

கிரெஷெண்டோ குறி ஒரு முனையிலிருந்து இரண்டு கோடாக விரியும். அது தொடங்கும் இடத்தில் குரல் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். குறியைக் கண்டதும் சத்தத்தைக் கூட்டிவிட்டால் விரிவதற்கு இடமே இருக்காது. நான் பிள்ளைகளிடம், தொடங்கும் இடத்தில் பென்சிலால் பியானோவையும் முடியும் இடத்தில் ஃபோர்ட்டேயையும் எழுதச் சொல்வேன்.

மோட்சார்ட் 1791 ஜூனில், தான் இறப்பதற்கு ஆறு மாதம் முன்பு, வியன்னாவுக்குப் பக்கத்தில் பாடன் என்ற ஊரின் கொயர் மாஸ்டர் ஆன்டன் ஸ்டோலுக்காக 'ஆவே வேரும் கார்ப்புஸ்' என்ற சின்னப் பாட்டை எழுதிக்கொடுத்தார். மொத்தமே 46 பார், அதாவது 46 தாளக் கட்டங்கள். நம் ஊர்க் கத்தோலிக்க ஆலயங்களிலும் பாடுகிறார்கள். அதில் பாடும் விதம் பற்றி மோட்சார்ட் எழுதிய குறிப்பு தொடக்கத்தில் ஒன்றே ஒன்றுதான்: சோட்டோ வோச்சே. இதைப் பலரும் சத்தம் குறைத்துப் பாடு என்று மட்டும் எடுத்துக்கொண்டு, மூச்சுக் கலந்த, உயிரில்லாத குரலில் பாடுகிறார்கள். பியானோ என்றால் சத்தத்தின் அளவு. சோட்டோ வோச்சே என்பது குரலின் தன்மை. உள்ளே முழுக் குரலும் மூச்சும் தயாராக இருக்கின்றன. அதை அடக்கி வைத்துக்கொண்டு பாடுகிறோம். கட்டிலில் குழந்தை தூங்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் முக்கியமான விஷயம் சொல்கிறவரின் குரல் எப்படி இருக்கும்? ஒரு சொல்கூடத் தெளிவு குறையாது. அந்தக் குரல். அந்த ஒரு குறிப்பைப் புரிந்துகொண்டு பாடும் குழுவையும், புரியாமல் பாடும் குழுவையும் முதல் நான்கு பாரிலேயே பிரித்துச் சொல்லிவிடலாம்.

இன்னொரு இடம், எல்லோருக்கும் தெரிந்தது. ஹாண்டலின் 'மெசியா' 1742 ஏப்ரலில் டப்ளினில் முதன்முதலாகப் பாடப்பட்டது. அதன் அல்லேலூயா கோரஸின் கடைசியில், எல்லாக் குரலும் மேலே ஏறி நிற்கும்போது, திடீரென்று ஒரு வெற்றிடம். யாரும் பாடக் கூடாது, யாரும் வாசிக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் அடாஜியோவில் கடைசி அல்லேலூயா வரும். அந்த மௌனமும் தாளில் எழுதியிருக்கும் குறிதான். ஸ்வரத்துக்கு இருக்கும் மதிப்பு அதற்கும் உண்டு. ஊருக்கு ஊர் யாராவது ஒருவர் அங்கே தனியாக 'அல்' என்று விழுவார். மெட்டு தெரியாமல் விழுவதில்லை, மெட்டு நன்றாகத் தெரிந்து வேகத்தில் ஓடுவதால்தான் விழுகிறார். மெட்டும் வார்த்தையும் போதும் என்ற வாசகருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஒரு விஷயத்தைப் பயிற்றுநர்கள் கவனத்துக்குச் சொல்லிவைக்கிறேன். தாளில் உள்ள எல்லாக் குறியும் இசையமைத்தவர் போட்டது இல்லை. ஹாண்டல் காலத்தில் இவ்வளவு குறி எழுதும் வழக்கம் கிடையாது. 1902-இல் எபனேசர் பிரவுட் பதிப்பித்த மெசியா போன்ற பழைய பதிப்புகளில் உள்ள குறிகளில் நிறைய பதிப்பாசிரியர் சேர்த்தவை. குழுவில் பாதிப் பேர் ஒரு பதிப்பும் மீதிப் பேர் வேறு பதிப்பும் வைத்திருந்தால், ஒருவருக்குப் பியானோ, அடுத்தவருக்கு ஃபோர்ட்டே. முதல் நாளே எந்தத் தாளைப் பின்பற்றுவது என்று முடிவு செய்துவிட வேண்டும். நடத்துபவருக்கு ஒரு குறி பிடிக்காவிட்டால் அடித்துவிட்டு வேறு எழுதச் சொல்லலாம். எல்லோர் தாளிலும் ஒன்றுபோல இருந்தால் சரி.

இதெல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம், நமக்கு எதற்கு என்ற எண்ணமும் அந்தக் கடிதத்தில் இருந்தது. எங்கள் பக்கத்து எட்டயபுரத்தில் 1904-இல் சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சிட்டார். தெலுங்கு எழுத்தில் வந்த அந்தப் பெரிய நூலில் ஸ்வரங்களோடு, அவற்றை எப்படி அசைக்க வேண்டும், வழுக்க வேண்டும் என்று காட்டும் கமகக் குறிகளும் இருக்கின்றன. கம்பிதம் என்கிற அசைவுக்கு நெளிகோடு, மேலே வழுக்கும் ஏற்ற ஜாருவுக்கு ஒரு சாய்கோடு, கீழே வழுக்கும் இறக்க ஜாருவுக்கு எதிர்ப்பக்கச் சாய்கோடு, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம். ஸ்வரம் மட்டும் எழுதினால் பாட்டு வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வேலையில் அவரை ஊக்கப்படுத்தியவர், நம் பாடல்களை ஐரோப்பிய நொட்டேஷனில் பதிப்பித்த ஏ. எம். சின்னசாமி முதலியார். ஸ்வரத்தை எப்படித் தொட வேண்டும், எப்படி விட வேண்டும் என்று எழுதிவைப்பது நம் மண்ணிலும் நடந்த வேலைதான். அதை இன்றைக்கும் வித்வான்கள் திறந்து பார்க்கிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் பெரிதில்லை. தமிழில் பாமாலையையும் ஆந்தங்களையும் சோல்ஃபாவோடு அச்சிடுகிறவர்கள், இப்போது கணினியில் தட்டச்சு செய்து போன் வழியாக அனுப்புகிறவர்கள், மேலே உள்ள குறிகளையும் சேர்த்துப் போட வேண்டும். மேல் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் இடம் விட்டால் ஜெராக்ஸில் எதுவும் வெட்டுப்படாது. ஸ்டக்காட்டோவுக்குச் சோல்ஃபாத் தாளில் புள்ளி போட்டால் குழப்பம் வரும் என்பதால், அந்தச் சொல்லையே தமிழில் மேலே எழுதிவிடுவது நல்லது. நூற்றுக்கணக்கான இத்தாலிச் சொற்களை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நாங்கள் ஒரு வருஷம் முழுக்கப் பாடும் பாட்டுகளில் இருபது இருபத்தைந்து குறிகளுக்கு மேல் வருவதில்லை. புதுப் பாட்டை எடுக்கும் நாளில் ஸ்வரத்தைத் தொடுவதற்கு முன்னால், வார்த்தைகளை மட்டும் தாளத்தோடு படித்து, மூச்சு எங்கே, அழுத்தம் எங்கே, புள்ளி எங்கே, மௌனம் எங்கே என்று பென்சிலால் வட்டம் போட்டுவிட்டால் பிறகு திருத்த வேண்டிய வேலை பாதியாகக் குறையும். ஸ்வரத்தோடு சேர்த்துத் தப்பாகப் பழகிய மூச்சை மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்கான பிராக்டிஸ் பெரும்பாலான சபைகளில் அக்டோபர் கடைசியில் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்கி, இந்தக் குறிகளைப் படத்தோடும், சோல்ஃபா வடிவத்தோடும், எப்படிப் பாடுவது என்ற இரண்டு வரி விளக்கத்தோடும் வெளியிட்டால், புத்தகம் வாங்க வசதியில்லாத கிராமத்துக் குழுக்களும் வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தர நான் தயார். சோல்ஃபா பகுதியை எங்கள் பேஸ் அண்ணாச்சி சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இசை ஆசிரியை,
பாளையங்கோட்டை